கடல் கடந்த தர்மம்



நிழல்தாங்கலில் அன்னதர்மம் நடக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். சோறு போதுமா, குழம்பு இன்னும் வேண்டுமா என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உப்புக் கூடிப்போனால் அந்தப் பந்தியிலேயே சொல்லிவிடுவார்கள். இலை எடுக்கும்போது எது மிஞ்சியது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அன்னதர்மத்தில் தவறு செய்வது கடினம். செய்தாலும் அடுத்த பந்திக்குள் திருத்திக்கொள்ளலாம்.

தர்மம் கடல் கடந்து போக வேண்டியிருந்தால் இந்த வசதி எதுவும் இல்லை. வாங்குபவரின் முகம் தெரியாது. அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் அன்புக்கொடி மக்கள் என்ன செய்வது முறை? ஆடலூரில் இந்தக் கேள்வி ஒரு சாக்குமூட்டையால் எழுந்தது.

ஆடலூர் திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் கீழ்மலைப் பகுதி. பன்றிமலை, தாண்டிக்குடி எல்லாம் அந்தப் பக்கம்தான். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற மண். அங்கே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அன்புக்கொடி குடும்பம் உண்டு. மார்கழிக்கு முந்திய காப்பிப் பழம் எடுக்கும் நாட்களில் கடை வாசலில் எப்போதும் கூட்டம் இருக்கும். சென்ற 2025-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம், அந்தக் கடை வாசலில் ஒரு பெரிய சாக்கு வைக்கப்பட்டது. இலங்கை மக்களுக்குத் துணி கொடுங்கள் என்று ஓர் அட்டையும் மேலே தொங்கியது.

காரணம் டிட்வா புயல். நவம்பர் 28-ஆம் தேதி அது இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. காற்றைவிட மழையே பெரிய நாசம் செய்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு சேர்ந்து கீழே இறங்கின. 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மலைகளில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

மண் சரிவு என்றால் என்ன என்று ஆடலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல், கொடைக்கானல் மலை வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது. காப்பிக்கு நிழல் தந்த சவுக்கு மரங்கள் சாய்ந்து, பாதை அடைபட்டு, மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களை இன்னும் பேசுவார்கள். அதனால் சாக்கு இரண்டு நாளில் நிறைந்தது. கூலி வேலை முடிந்து போகிறவர்கள் ஆளுக்கொரு சேலை, பிள்ளையின் சட்டை, போர்வை என்று போட்டுவிட்டுப் போனார்கள். கையில் காசில்லாதவர்கள் இருப்பதில் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த மனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மூன்றாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர், காப்பித் தோட்டத்தில் இன்னும் வேலைக்குப் போகிறவர். பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. பல ஆண்டுகளாக அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்து கூலி வேலையில் சேர்ந்தவர்கள் அநேகம். அப்படி வந்த குடும்பம் அவருடையது. அண்ணன் ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் மகன் இன்றும் தோட்டத்தில் இருக்கிறார்.

அம்மாள் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, இதெல்லாம் அங்க யாரு உடுத்துவா?"

"இல்லாதவங்களுக்கு இதாவது கெடைக்கட்டுமே அக்கா."

"அவங்க இல்லாதவங்க இல்ல அண்ணாச்சி. போன வாரம் வரைக்கும் எல்லாம் இருந்தவங்க."

கடைக்காரர் பதில் பேசவில்லை. அம்மாள்தான் தொடர்ந்தார். இந்தியா வந்த புதிதில் அவருக்குப் பத்து வயது. ஒரு முகாமில் பழந்துணிக் குவியலைக் காட்டி ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவருக்குக் கிடைத்த சட்டையின் கழுத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் நூலால் தைத்திருந்தது. அவருடைய தாயார் அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் அந்த நூலைப் பிரித்தெடுத்தார். எழுத்துப் போனாலும் ஊசித்தடம் போகவில்லை. "பள்ளிக்கூடத்துல அத தடவிப் பாத்துச் சிரிப்பாங்க. அந்தச் சட்ட கிழியிற வரைக்கும் எனக்கு அந்தப் பேருதான்" என்றார்.

துணி என்பது அய்யா வழி மக்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. தோளில் சீலை போடக்கூடாது, தலையில் துணி கட்டக்கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள். தோள்சீலைக்காகப் பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டு, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசரின் அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னாலேயே அய்யா வைகுண்டர் தம்மை நாடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, உனக்குள்ளே இருப்பவரைப் பார் என்றார். இன்றும் பதியிலும் தாங்கலிலும் தலைப்பாகையோடுதான் பணிவிடை நடக்கிறது. துவையல் தவசில் இருந்த எழுநூறு குடும்பங்களும் நாள்தோறும் துவைத்தது தாங்கள் உடுத்திய துணியைத்தான். உடுதுணியில் மானம் இருக்கிறது என்பதை வேறு யார் மறந்தாலும் அன்புக்கொடி மக்கள் மறக்கலாகாது. தான் உடுத்த மாட்டாத ஒன்றை இன்னொருவர் உடுத்தட்டும் என்று கொடுக்கும்போது, அவருக்கு மானம் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாகிவிடுகிறது. கொடுப்பவருக்கே அது தெரிவதில்லை.

இது ஒருமுறை கண்ணெதிரே நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாடு குமரி மாவட்டத்தாருக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் இன்னும் அதிகம். அந்த நாட்களில் ஊர் ஊராகப் பழந்துணி லாரிகள் நாகைக்குப் போயின. கடலில் உழைத்துத் தன் காலில் நின்ற மீனவ மக்கள், பழந்துணி வேண்டாம் என்று தொடவில்லை. வண்டிக்காரர்கள் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். மழையில் நனைந்து நாறிய அந்தக் குவியல்களை அள்ளி அப்புறப்படுத்துவதே நிவாரண வேலை செய்தவர்களுக்குத் தனி வேலையாகிப் போனது. பிணம் தேடவும் குடிநீர் கொண்டுவரவும் ஆள் போதாத நேரம் அது.

அதே சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு உலகமெங்கும் இருந்து ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பாதிக்கு மேல் அந்த ஊர் மருத்துவர்கள் பயன்படுத்தாதவை. பல பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததை அங்கே வாசிக்கவே ஆளில்லை. காலாவதியானவையும் உண்டு. கடைசியில் 600 டன் அளவுக்கு அழிக்க வேண்டியதாயிற்று. மருந்தை அழிப்பதற்கும் செலவு உண்டு. நோயாளிக்கு ஆக வேண்டிய பணம் அதற்குப் போனது. 2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது காத்மாண்டு பன்னாட்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. வந்து இறங்கிய பாரத்தில் அது பழுதாகி, பெரிய விமானங்களை நிறுத்தும்படி ஆனது. வேண்டாத பொருளை ஏற்றி வரும் விமானம் வேண்டிய பொருளை ஏற்றி வரும் விமானத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உதவி சில நேரம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஆடலூர்ச் சாக்கின் பயணத்தை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். மலைப்பாதையில் திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடி. துறைமுகத்தில் பெயர் தெரிந்த ஒருவர் அனுப்புநராகவும் பெயர் தெரிந்த ஒருவர் பெறுநராகவும் இல்லாமல் ஒரு மூட்டையும் கப்பலேறாது. சுங்கத் தாள்கள் வேண்டும். கொழும்பில் இறக்கி, பிரித்து, பதுளைக்கு லாரி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் பதுளைச் சாலைகளே மண்ணுக்கடியில் கிடந்தன. இந்த வழியில் ஒவ்வொரு படியிலும் ஆகிற கூலியைக் கூட்டினால், அங்கேயே கடையில் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் புயலில் வியாபாரம் இழந்த அந்த ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசிக் கணக்கு சட்டென்று புரிந்தது.

அரசாங்கம் அனுப்புவது வேறு. அதற்குக் கப்பலும் ஆளும் தூதரகமும் உண்டு. டிட்வா புயலுக்குப் பிறகு இந்திய விமானங்களும் கப்பல்களும் உடனே போயின. ராணுவ மருத்துவர்கள் மகியங்கனையில் கள மருத்துவமனை அமைத்தார்கள். பாலம் போன இடங்களில் போட இரும்புப் பாலங்களை விமானத்தில் கொண்டுபோனார்கள். தமிழ்நாடு அரசு டிசம்பர் தொடக்கத்தில் சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களிலிருந்து 950 டன் பொருள்களை அனுப்பியது. பருப்பு, சர்க்கரை, பால்மாவு, வேட்டி, சேலை, துண்டு, போர்வை, தார்ப்பாய். அந்த வேட்டி சேலை புதியவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே அன்புக்கொடி மக்கள் சிலருக்கு ஒரு மனக்குறை வரும். பணமாகக் கொடுத்துவிட்டால் அதில் என்ன தர்மம் இருக்கிறது? கையால் அள்ளிப் போட்டால்தானே மனம் நிறையும்? இந்தக் குறை பொய் அல்ல. தாங்கலில் சோறு வடிக்கிறவருக்கும் இனிமம் கொடுக்கிறவருக்கும் அந்த நிறைவு தெரியும். ஆனால் அந்த நிறைவு யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கீழே தள்ளப்பட்டவரைக் கைதூக்கி விடுவதையே அய்யா தர்மம் என்று வகுத்தார். தூக்கி விடப்பட்டவர் எழுந்தாரா என்பதுதான் அங்கே கணக்கு. தூக்கியவர் மனம் நிறைந்ததா என்பது அதற்குப் பிறகு வருவது, வராமலும் போகலாம். அய்யா காணிக்கையையும் நேர்ச்சைகளையும் விலக்கியதில் இந்த விஷயமும் அடங்கியிருக்கிறது. காணிக்கை போடுகிறவர் சாமியின் தேவையைப் பார்த்துப் போடுவதில்லை, தன் மனதின் தேவைக்குப் போடுகிறார். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்புவதில் மனம் நிறையாமல்தான் இருக்கும். அந்தக் குறையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி, உள்ளூரில் இல்லாதவர் இல்லையா, வெளிநாட்டுக்கு எதற்கு என்பது. ஆடலூரிலும் ஒருவர் கேட்டார். உள்ளூரில் கொடுக்கிறவர் இதைக் கேட்டால் பதில் சொல்லலாம். பெரும்பாலும் அவர் கேட்பதில்லை. சுனாமியன்று இந்தியாவிலேயே பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் போனார்கள். அன்றைக்கே இலங்கைக்கு இந்திய உதவி புறப்பட்டது, அடுத்தடுத்த நாட்களில் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல்கள் போயின. தன் வீட்டில் சாவு விழுந்த நாளில் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோனது போல அது.

நம்மவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்பதும் இதோடு சேர்ந்து வரும். 2022-இல் இலங்கை பொருளாதாரம் குலைந்து சோற்றுக்கே திண்டாடியபோது, தமிழ்நாட்டில் முதலில் எழுந்த பேச்சு அங்குள்ள தமிழர்களுக்கு உதவி அனுப்புவது என்பதுதான். அங்கிருந்த தமிழர்களே, தமிழர் என்று பிரித்துக் கொடுக்க வேண்டாம், எல்லாருக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியே தீர்மானம் ஆகி, 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று அனுப்பப்பட்டன. பசித்திருந்தவர்கள் சொன்ன சொல் அது. முத்திரிக்கிணற்றில் தண்ணீர் கோரிக் குடித்தவர்களின் வழிவந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சந்தேகம் ஒன்றுதான் மிச்சம். பணம் யார் கைக்குப் போகும், இடையில் தின்றுவிட மாட்டார்களா? தின்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கணக்குக் கேட்பது தர்மத்துக்கு விரோதம் அல்ல, அதுவும் பணிவிடையில் சேரும். ஆனால் கணக்குக் கேட்கப் போகாமலே, சந்தேகத்தைச் சொல்லிக் கையை மூடிக்கொள்வதும் நடக்கிறது.

ஆடலூர்க் கடைக்காரர் அன்று சாயங்காலமே அட்டையை எடுத்துவிட்டார். மூட்டையைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை கிழிசல், பொத்தான் போனவை. அவற்றைக் காப்பிக் களத்தில் துடைக்கவும் கட்டவும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு நல்ல சேலை இருந்தது, மடிப்புக் கலையாதது. பொங்கலுக்கு எடுத்துவைத்ததை யாரோ போட்டிருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சேலையை அம்மாள் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கடைக்காரரின் மனைவியே அதை விலை போட்டு எடுத்துக்கொண்டார். அந்த விலை உண்டியலுக்குப் போனது. ஆம், இப்போது வாசலில் சாக்குக்குப் பதில் ஒரு மூடி போட்ட டின் இருந்தது. சேலை போட்டவர்கள் பத்தும் இருபதும் போட்டார்கள். துணி கொடுத்தவர்களில் பலர் பணம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் சேர்ந்தது.

அதை அனுப்புவது சேர்த்ததைவிடச் சிரமமாக இருந்தது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவிட வேண்டுமென்றால் தனியாக அனுமதி பெற வேண்டும். தனி மனிதர் வெளிநாட்டில் இருப்பவருக்கு அன்பளிப்பாக அனுப்ப வங்கி வழியாக இடமுண்டு. அதற்கும் பான் அட்டை, படிவம், அங்கே உள்ளவரின் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். அம்மாளின் அண்ணன் மகனுக்குத்தான் கணக்கு இருந்தது. சொந்தக்காரருக்கா அனுப்புவது என்று கடைக்காரர் தயங்கினார். டின்னில் போட்டவர்கள் முன்னால் அதைச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே திண்டுக்கல்லுக்கு இறங்கினார். இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் வந்தார். இலங்கை ரூபாயில் அந்தத் தொகை மூன்று மடங்குக்கு மேல் ஆகும் என்று கேட்டபோது அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

கடைக்காரரின் மகன், கொடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டின்னில் போட்டவர்களுக்குக் காட்டலாம் என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "கணக்கு மட்டும் சொல்லட்டும். மூஞ்சியக் காட்டச் சொல்லாதீங்க."

தை பிறந்த பிறகு கணக்கு வந்தது, வாட்ஸ்அப்பில் குரலாக. கடைக்கு வந்திருந்தவர்கள் நின்று கேட்டார்கள். அண்ணன் மகன் தன் வீட்டுக்கு ஒன்றும் எடுக்கவில்லை, அவருடைய லயத்துக்குச் சேதமில்லை. மேல் லயத்தில் கூரை போன இரண்டு வீட்டுக்குத் தகரம். கீழே ஆற்றோரம் ஒரு சிங்களக் குடும்பம், அவர்களுக்கும் தகரத்தில் பங்கு. மிச்சத்தில் ஏழு பிள்ளைகளுக்குக் கொப்பி.

கடைக்காரருக்கு அந்தக் கடைசிச் சொல் விளங்கவில்லை. காப்பியா, எதற்குப் பிள்ளைகளுக்குக் காப்பி என்றார். அம்மாள் சிரித்துவிட்டார். "கொப்பி அண்ணாச்சி, கொப்பி. பள்ளிக்கூடத்துல எழுதுற நோட்டு. நாங்க அங்க அப்படித்தான் சொல்லுவோம்" என்று சொல்லி, அந்தக் குரலை இன்னொரு தடவை போடச் சொன்னார்.